உம் கொட்டுகிறவன்

கோழித் தொடையில் எலும்பு எடுக்க மூன்று வெட்டு போதும். நீளவாக்கில் ஒன்று, மூட்டைச் சுற்றி ஒன்று, எலும்பைத் தூக்கிப் பிடித்து அடியில் ஒன்று. மிகேலா இதை நிமிஷத்துக்குப் பதினெட்டுத் தடவை செய்வாள். கோழி ஆலையின் பெல்ட் யாருக்காகவும் நிற்காது. மூக்கு அரித்தால் தோளில் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆறு வருஷத்தில் அவள் வலது கையின் இரண்டு விரல்கள் காலையில் தானாக விரிவதை விட்டுவிட்டன. வெந்நீரில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் காப்பி போடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை ஒன்பதரை மணி இடைவேளைக்குச் சோள ரொட்டியும் கறுப்பு அவரையும் இருந்த டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உணவறையில் உட்கார்ந்திருந்தாள். கஸ்பாரைக் காணோம். அவள் புருஷன் அதே ஆலையில் உயிர்க்கோழி மாட்டுகிறவன். இருட்டறையில், நீல விளக்கு வெளிச்சத்தில், படபடக்கிற கோழிகளைக் காலைப் பிடித்துத் தலைகீழாகக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஐந்து மணிக்கே அவனுக்கு வேலை ஆரம்பம் என்பதால் நாலு மைல் சைக்கிள் மிதித்து முன்னாலேயே வந்துவிடுவான். இடைவேளை பதினைந்து நிமிஷம். அதில் ஐந்து நிமிஷம் கையுறை கழற்றவே போய்விடும். மிச்சத்தில் இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். அவன் வராத நாள் இதுவரை இருந்ததில்லை.

நொயெமி வேகமாக வந்தாள். வெராக்ரூஸ்காரி. பெல்ட்டில் மிகேலாவுக்குப் பக்கத்து இடம். இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம் என்கிற பச்சை அட்டை கைக்கு வந்தபிறகு அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"ஏ புள்ள, சாப்புடுறத நிறுத்து. உன் ஆளோட சைக்கிள் கவுண்டி ரோட்டுப் பள்ளத்துல கெடக்குதாம். வேன்காரன் பாத்துட்டு வந்து சொல்றான். ஆளக் காணோம். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிட்டுப் போச்சாம். பின்னாடியே நாலுவாரமும் போனானாம்."

ஆம்புலன்ஸ் என்றதைவிட நாலுவாரம் என்றதுதான் மிகேலாவை எழுந்து நிற்க வைத்தது.

நாலுவாரம் என்பது வேட் ஹாஸ்கெட்டுக்கு ஆலைக்காரர்கள் வைத்த பெயர். ஷெரீஃப் அலுவலகக் காவலன். இந்த ஊர்ப் பையன்தான்; அவன் அம்மாவே இரண்டு வருஷம் இதே பெல்ட்டில் நின்றவள். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் ஸ்பானிஷ் படித்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலைக்காரர்களோடு பந்தாட வருவான். கஸ்பார் கோல் வாசலில் நிற்பான், வேட் உதைப்பான். போன வசந்தத்தில் ஷெரீஃப் மத்தியக் குடியேற்றத் துறையோடு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட்டார். வேட் ஹாஸ்கெட்டை நாலு வாரம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது சட்டையில் புதிதாக ஒரு வில்லை இருந்தது. நாலு வாரத்தில் ஒரு புது ஆளுக்குத் தொடை எலும்பு சரியாக எடுக்க வராது. சில்லுச் சில்லாகக் கறியோடு பெட்டிக்குப் போகும், மேற்பார்வையாளன் காட்டுக் கத்தல் கத்துவான். வேட்டுக்கு நாலு வாரத்தில் மனுஷனை நாட்டைவிட்டு அனுப்ப வந்துவிட்டது. பந்தாட வருவதை அவன் நிறுத்தவில்லை. மற்றவர்கள்தான் நிறுத்திக்கொண்டார்கள்.

கஸ்பாரை அனுப்பினால் குவாத்தமாலாவில் அவன் மலையூருக்குத்தான் போய்ச் சேருவான். அவன் அண்ணன் மத்தின் வெட்டுப்பட்டுச் செத்த ஊர் அது. ஊர்க்காட்டில் மரம் வெட்ட ஒரு கூட்டம் வந்தது. விடமாட்டோம் என்று பாதையை மறித்து முன்னால் நின்றவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒருவனை முடித்துவிட்டார்கள். இன்னொருவன் எப்போது வருவான் என்று போன மாதம்கூட மிகேலாவின் அப்பா வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பா போனில் சொன்னார். மரியாதையாகத்தான் கேட்டார்களாம்.

மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்ததும் நொயெமியின் காரில் இரண்டு பேரும் சிறைக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு இரண்டே மணி நேரத்தில் அவனை இங்கே கொண்டுவந்துவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள். முன்கூடத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சோடா இயந்திரம், தடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். வேட் ஹாஸ்கெட்டைப் பார்க்க வேண்டும் என்று நொயெமி கேட்டாள். அவன் கையில் ஒரு காகிதக் கோப்பையோடு வந்தான். சூரியகாந்தி விதையை மென்று தோலை அதில் துப்பிக்கொண்டே நின்றான்.

"சென்யோரா. உன் கணவன் நன்றாக இருக்கிறான். எலும்பு, இங்கே, கொஞ்சம் உடைந்தது," என்று தன் தோளைத் தொட்டுக் காட்டினான். அவன் ஸ்பானிஷ் அப்படித்தான் இருக்கும், வார்த்தைக்கு வார்த்தை ஒரு நொண்டல்.

"அவரு மேல வண்டியேத்துனவங்க யாருங்கய்யா?"

"அது விபத்து. பிக்அப்காரர் பாவம். பயந்து போனார், வீட்டுக்கு அனுப்பினோம். தவறு உன் கணவன். விளக்கு இல்லை. சாலையின் நடுவில்."

"விளக்கு இருந்துச்சுங்கய்யா. முதுகுப் பையோட வார்ல நானே தச்சு விட்டேன். செவப்பு விளக்கு. மின்னி மின்னி எரியும்."

"அவன் தானே சொன்னான், இல்லை என்று. என் சட்டைக் கேமராவில் இருக்கிறது."

"இருக்காதுங்கய்யா. அவரு அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு."

வேட் கோபப்படவில்லை. அவன் கோபப்படுகிற ரகம் இல்லை. உள்ளே போய் ஒரு பலகைக் கணினியை எடுத்துவந்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் அவனுக்கு இல்லை. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஒரு பெண்பிள்ளைக்குக் காட்டும் ஆசைதான்.

விடியாத இருட்டில் வண்டி விளக்கின் வெளிச்சம். புல்லில் கஸ்பார் உட்கார்ந்திருந்தான். இடது தோளை வலது கையால் பிடித்திருந்தான். வாயோரம் மண். வேட்டின் குரல் கேட்டது.

"நீ சாலையின் நடுவில் வந்தாய், சரியா?"

"உம்... ஆமா."

"விளக்கு இல்லை, சரியா?"

"உம்."

"பிக்அப் மெதுவாக வந்தது, சரியா?"

"ஆமா. உம்."

"நீ குவாத்தமாலா. காகிதம் இல்லாமல் வந்தாய். சரியா?"

"உம். ஆமாங்கய்யா."

மிகேலா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது. சூஹ் மொழி பேசுகிற அந்த மலையில் ஒருவர் பேசினால் எதிரே நிற்கிறவர் உம் கொட்ட வேண்டும். 'காதில் விழுகிறது, மேலே சொல்லு' என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. உம் கொட்டாமல் நிற்பது பேசுகிறவரின் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி. ஸ்பானிஷில் பேசினால் அந்த உம்மை ஆமா என்று மாற்றிக்கொள்வார்கள். மேற்பார்வையாளன் பத்து நிமிஷம் திட்டினால் நாற்பது ஆமா சொல்வார்கள், அதில் ஒன்றைக்கூட ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மலைக்காரர்கள் ரொம்பப் பணிவு என்று ஆலையில் ஒரு பேச்சு உண்டு. அது இப்படி வந்த பேர்தான்.

"ஐயா, அது ஆமா இல்லீங்க," என்றாள். "நீங்க பேசுறது காதுல விழுதுன்னு சொல்றாரு. எங்க ஊர்ல அப்படித்தான். பேசுறவங்களுக்குக் குடுக்குற மரியாதை அது."

"ஆமா என்றால் ஆமா, சென்யோரா. எல்லா மொழியிலும்."

நொயெமிக்குப் பொறுக்கவில்லை. "டேய் வேட்! உங்காத்தா என் பக்கத்துல நின்னு ரெண்டு வருஷம் எலும்பு எடுத்தா. சோறு கொண்டாராத நாள்லாம் எங்க டப்பாவுலதான் தின்னா. இவ டப்பாவுலயும் தின்னுருக்கா. அந்த வயித்துலயாடா நீ பொறந்த?"

வேட் கோப்பையில் துப்பினான். முதல் தடவையாக ஆங்கிலத்தில் பேசினான், நிறுத்தி நிதானமாக. "உங்க கார்ல இடது பக்கப் பின்விளக்கு எரியலை, நொயெமி. வரும்போது ஜன்னல் வழியா பார்த்தேன். வீட்டுக்குப் போறப்போ பார்த்துப் போங்க."

பின்விளக்கில் ஒரு கோளாறும் இல்லை. வெளியே வந்ததும் விளக்கைப் போட்டு இரண்டு பேரும் பார்த்தார்கள். அப்படியும் வீடு வரும்வரை நொயெமி காரை மெதுவாகவே ஓட்டினாள்.

தேவாலயத்தில் ஒட்டியிருந்த உதவி எண்ணுக்கு மிகேலா அன்றைக்கே பேசினாள். ஒரு வக்கீலம்மா கிடைத்தாள். இரண்டரை மணி நேரத் தொலைவில் நகரத்தில் இருக்கிறாள். கையில் முப்பது பேர் வழக்கு. வியாழக்கிழமை வருகிறேன் என்றாள்.

"ஆறு வருஷமா இருக்கார். ஊர்ல உயிருக்கு ஆபத்து. இதை முறையா எடுத்து வச்சா நீதிபதி முன்னால நிறுத்தியாகணும், அவ்வளவு லேசா அனுப்பிட முடியாது. ஆனா அதுவரைக்கும் அவர் எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாது. எதுவும் பேசக் கூடாது. வாயே திறக்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெல்ட்டில் நின்றபடி மிகேலா இதை நொயெமியிடம் சொன்னாள். இயந்திரச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும்.

"வாயத் தொறக்காம இருக்கணுமாம்க்கா."

"யாரு, உன் ஆளா? சுவரு பேசுனாக்கூட ஆமா ஆமாங்குற ஆளு!" நொயெமி ஒரு தொடையைப் புரட்டிப் போட்டாள். "அதெல்லாம் ஆவுற காரியமில்ல. ஒண்ணு சொல்றேன் கேளு. அவனுக்கு ஒரே ஒரு வார்த்த கத்துக்குடு. 'இல்ல.' எது கேட்டாலும் இல்ல. பேரக் கேட்டாலும் இல்ல. ஆமான்னாத்தானடி மாட்டுவான்? இல்லன்னா என்ன எழுதுவான் அந்த நாலுவாரம்?"

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் பட்டது. இரண்டு நாள் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அன்று நாலரைக்குச் சிறை முன்கூடத்துத் திரையில் அவனைக் காட்டினார்கள். ஆள் அதே கட்டடத்தில், முப்பது அடி தள்ளித்தான் இருந்தான். ஆனாலும் திரையில்தான் பார்க்க வேண்டும், இருபது நிமிஷம். இடது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. ஆரஞ்சுச் சட்டை அவனுக்குப் பெரிது, கழுத்தெலும்பு தெரிந்தது.

"சாப்புட்டியா?" என்றாள் சூஹ் மொழியில்.

"ரொட்டி குடுத்தாங்க. பஞ்சு மாதிரி இருக்கு. நீ?"

"அத விடு. இங்க பாரு. அவன் கேட்டதுக்கெல்லாம் உம் கொட்டியிருக்க. வெளக்கு இல்லன்னு ஒத்துக்கிட்டிருக்க."

"நானா?" அவன் நிஜமாகவே திகைத்துப் போனான். "அவன் பேசிட்டிருந்தான். தோள்பட்ட வலி உசுரு போவுது. நான் கேட்டுட்டிருந்தேன்."

"அதான் ஆமான்னு எழுதிட்டான்."

கஸ்பார் திரைக்கு அருகே குனிந்தான். "ஞாயித்துக்கெழம நம்ம கூட ஆடுறவன்தான மிக்கே அவன்?"

"வக்கீலம்மா வியாழக்கெழம வராங்க. அதுவரைக்கும் வாயத் தொறக்காத. யாரு என்ன கேட்டாலும் சும்மா இரு."

"அது எப்படி? ஒரு மனுஷன் மூஞ்சிக்கு நேரா பேசுறப்ப நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கவா?"

"தெரியும், உன்னால ஆவாது. அதனால இப்படிச் செய். எல்லாத்துக்கும் இல்லன்னு சொல்லு. அவன் மொழில 'நோ'. அது ஒண்ணுதான். பழகிக்கோ. நான்தான் இப்ப நாலுவாரம். உன் பேரு கஸ்பாரா?"

"உம்... இல்ல. நோ."

"பாத்தியா, உம் வருது. மறுபடி. நீ குவாத்தமாலாவா?"

"நோ."

"கோழி மாட்டுறியா?"

"நோ."

"நான் உன் பொண்டாட்டியா?"

அவன் நிறுத்தினான். திரைக்குள்ளிருந்து அவளையே பார்த்தான். "அதுக்குமா?"

"அதுக்கும்தான்."

"நோ," என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். தோள் வலித்திருக்க வேண்டும், சிரிப்பிலேயே முகம் சுருங்கியது. அவளும் சிரித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். இருபது நிமிஷமும் இப்படியே கேள்வியும் நோவும் போட்டுக்கொண்டிருந்தார்கள். திரை அணைவதற்கு முன்னால் கடைசியாக அவள் கேட்ட ஏழு கேள்விக்கும் அவன் ஒரு உம்கூட கொட்டவில்லை. மிகேலாவுக்கு இரண்டு நாளில் முதல்முறையாகப் பசித்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு கஸ்பாரை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் வேட். மேசைமேல் ஒரு மடிக்கணினி, ஒரு போன், சூரியகாந்தி விதைப் பொட்டலம். வேட் ஒரு எண்ணைப் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தான். அது மொழிபெயர்ப்பாளர் எண். இசை வந்தது. உங்கள் முறைக்கு இன்னும் இருபத்திரண்டு நிமிடங்கள் என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடியும் இசை. வேட் மணியைப் பார்த்தான். பன்னிரண்டு மணிக்கு வேன் வருகிறது. அதற்குள் படிவம் முடிந்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டான்.

"நமக்குள் என்ன, அமிகோ. நாம் புரிந்துகொள்வோம்."

கஸ்பாருக்குத் தொண்டை வரை உம் வந்தது. முழுங்கிக்கொண்டான்.

"உன் பெயர் கஸ்பார் தொமிங்கோ?"

"நோ."

வேட் நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான். "யாரோ பாடம் எடுத்திருக்கிறார்கள். நொயெமியா?"

"நோ."

வேட் எட்டி அவன் மணிக்கட்டில் இருந்த பட்டையைப் பார்த்தான். பெயருக்கு எதிரே 'ஆம்' என்று அவனே குறித்துக்கொண்டான். அடுத்த கேள்விக்குப் போனான்.

"இந்த நாட்டில் இருக்க அனுமதிக் காகிதம் உண்டா?"

"நோ."

குறி போட்டான்.

"இந்த நாட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறாயா?"

"நோ."

வேட்டின் விரல் ஒரு நொடி நின்றது. ஐந்து கோடை அவன் உதைத்த பந்தை எல்லாம் இந்த ஆள்தான் பாய்ந்து பாய்ந்து பிடித்திருக்கிறான். முதல் கோடையில் அவன் பந்து பட்டு இவன் மூக்கு உடைந்தபோது ஐஸ்கட்டி வாங்கிவந்து வைத்தவனே வேட்தான். 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டான்.

"வக்கீல் வேண்டுமா?"

"நோ."

"நீதிபதியைப் பார்க்க வேண்டுமா?"

"நோ."

கஸ்பாருக்கு உடம்பு வேர்த்திருந்தது. இருட்டறையில் ஆயிரம் கோழி மாட்டுவது இதற்குத் தேவலை. எதிரே ஒருவன் பேசப் பேச மரியாதை இல்லாமல் முகத்தில் அடித்த மாதிரி நோ நோ என்று சொல்வது அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒன்றுகூடத் தவறவில்லை. மிகேலா பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டான்.

"உன் நாட்டுக்குத் திரும்பிப் போகப் பயமா?"

அந்த வார்த்தை அவனுக்குத் தெரியும். பயம். அண்ணனைப் பாதையோரம் வாழையிலையில் கிடத்தியிருந்த அன்றைக்கு ஊருக்கு வந்த ஸ்பானிஷ் பேசுகிற வெளியாட்கள் எல்லாரும் அவனிடம் அந்த வார்த்தையைத்தான் கேட்டார்கள். பயமா, பயமா என்று. அவன் வாய் திறந்துவிட்டது. உம் என்பதற்கு உதடு மூடுகிற நேரம், இதுதான் இருப்பதிலேயே பெரிய கண்ணி என்று அவனுக்குத் தோன்றியது. மற்றதெல்லாம் காகிதம், வருஷம், நீதிபதி. இதுதான் உள்ளே கைவிட்டுக் கேட்கிற கேள்வி. இதற்கு ஆமா சொல்ல வைக்கத்தான் இவ்வளவும் கேட்டிருக்கிறான். அதுக்குமா என்று கேட்டான் அவன், மனசுக்குள். அதுக்கும்தான் என்றாள் மிகேலா.

"நோ," என்றான் சத்தமாக.

"அங்கே யாராவது உனக்குத் தீங்கு செய்வார்களா?"

"நோ."

"நல்லது," என்றான் வேட். இரண்டு குறி போட்டுவிட்டு விதைப் பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தினான். "எடுத்துக்கொள், அமிகோ. சுலபமாக முடித்துவிட்டாய்." கையெழுத்துக் கேட்டபோதும் கஸ்பார் நோ என்றான். 'கையெழுத்திட மறுத்தார்' என்று வேட் எழுதினான். அப்படி எழுதினாலும் படிவம் செல்லும்.

வியாழக்கிழமை வக்கீலம்மா சொன்னபடியே வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆள் நேற்று மத்தியானமே மத்தியத் துறை வேனில் போய்விட்டதாகச் சொன்னாள். மனைவி என்றால் பொருள்களைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு பிளாஸ்டிக் பையை நகர்த்தினாள். வக்கீலம்மா படிவத்தின் நகலை வாங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் சண்டை போட வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் வெளியே வந்து வாசலில் இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மிகேலா வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். நேரே பார்த்தால் ஆலையின் புகைபோக்கி தெரியும்.

வக்கீலம்மா படித்தாள். படிக்கப் படிக்கக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்காரான்னு கேட்டிருக்கான். இல்லைன்னு சொல்லியிருக்கார். ஏன் சொன்னார்? ஆறு வருஷம்னு சொன்னீங்களே. ரெண்டு வருஷத்துக்குக் கீழன்னா நீதிபதியே வேண்டாம், நேரா விமானம்." அடுத்த வரிக்கு விரல் போனது. "பயமான்னு கேட்டிருக்கான். அந்தக் கேள்வி ஒண்ணுதான் அவரைக் காப்பாத்தியிருக்கும். ஆமான்னு ஒரே ஒரு வார்த்தை. அதுக்கும் இல்லைன்னிருக்கார்." அவள் மிகேலாவைப் பார்த்தாள். "யாராவது மிரட்டினாங்களா?"

"நான்தான்," என்றாள் மிகேலா.

"என்ன நீங்க?"

"நான்தான் கத்துக்குடுத்தேன்."

வக்கீலம்மா படிவத்தை மடித்து வைத்தாள். போனை எடுத்துக்கொண்டு கார் நிற்கிற பக்கம் போய் யார் யாரிடமோ கத்திப் பேச ஆரம்பித்தாள். மிகேலா பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துத் திறந்தாள். முதுகுப் பை, வார் அறுந்து. உள்ளே ஒரு ஜோடி காலுறை. திங்கட்கிழமை ரொட்டி, பூசணம் பிடித்து. வாரில் அவள் கறுப்பு நூலால் இரட்டைத் தையல் போட்ட இடத்தில் சிவப்பு விளக்கு அப்படியே இருந்தது. பையின் வெளியே சிறைக்காரர்கள் எழுதி ஒட்டிய பட்டியலில் ஆங்கிலத்தில் ஆறு வரி. அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். ஐந்தாவது வரி: சைக்கிள் விளக்கு, சிவப்பு, ஒன்று. எரிகிறது.

அமுக்கினாள். எரிந்தது.

அப்போதுதான் போன் வந்தது. தெரியாத எண். இது தடுப்பு மையத்திலிருந்து வரும் அழைப்பு என்று ஒரு இயந்திரக் குரல் சொல்லி முடித்தபிறகு கஸ்பார் பேசினான். லூசியானாவாம். பெரிய கொட்டகையாம். நாளைக்கு விடியக்காலை விமானம் என்று பேசிக்கொள்கிறார்களாம், ஆனால் அது தன்னைப் பற்றி இருக்காது என்றான். குரல் தெம்பாக இருந்தது.

"மிக்கே, கேக்குறியா? ஒண்ணுலகூடத் தப்பு விடல. அவன் எப்படி எப்படியோ கேட்டுப் பாத்தான். எல்லாத்துக்கும் நோ. பயமான்னுகூட கேட்டான். ஆமான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. கடிச்சுக்கிட்டேன். நோன்னுட்டேன். சத்தமா சொன்னேன்."

"உம்," என்றாள் மிகேலா.

"அவனே அசந்துட்டான். நல்லதுன்னு சொல்லிட்டுத் திங்கறதுக்கு வெத குடுத்தான்னா பாரு. வக்கீலம்மா வந்துட்டாங்களா?"

"உம்."

"அவங்ககிட்ட சொல்லு. எதுக்கும் ஆமா சொல்லல, எதுலயும் கையெழுத்துப் போடல. அவங்க சொன்ன மாதிரியே செஞ்சிருக்கேன். அவங்களுக்கு வேல சுலபம் இனிமே."

மடியில் பிளாஸ்டிக் பைக்குள் விளக்கு மின்னி மின்னி எரிந்துகொண்டிருந்தது. நல்ல வெயில். அப்படியும் அவள் பாவாடையில் சிவப்பு விழுந்து விழுந்து மறைந்தது. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறிய ஒரு காவலன் அதைப் பார்த்துவிட்டுச் சற்று ஒதுங்கி நடந்தான்.

"மிக்கே? லைன்ல இருக்கியா?"

"உம்," என்றாள். "சொல்லு."